கொக்கு ஏன் பாதிதான் கிடைக்கிறது? ஒகர, ஔகாரக் குறிகளின் கணினிக் கணக்கு

'கொ என்பது கம்ப்யூட்டருக்கு ஓர் எழுத்தா, இரண்டு எழுத்தா, எது சரி' என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த விவரத்தைப் பார்த்தால் உங்களுக்கு வேண்டிய பதில் இன்னும் கொஞ்சம் பெரியது. நாலைந்து பேர் ஆளுக்குக் கொஞ்சமாகப் பழமொழிகளைத் தட்டச்சு செய்து ஒரே கோப்பில் சேர்த்திருக்கிறீர்கள். 'கொக்கு' என்று தேடினால் வெண்ணெய் வைத்துக் கொக்குப் பிடித்த பழமொழி வருகிறது, 'கொக்குக்கு ஒன்றே மதி' வரவில்லை. 'கௌரவம்' என்று தேடினால் ஒன்றுமே இல்லை, ஆனால் அந்தச் சொல் கண்ணெதிரே நிற்கிறது. எழுத்துருவை மாற்றியும் பயனில்லை. ஆக, திரையில் ஒன்றுபோலத் தெரிகிறவற்றில் கம்ப்யூட்டர் எதை ஒன்றென எடுத்துக்கொள்ளும், எதை எடுத்துக்கொள்ளாது, தொகுப்பில் எதை வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு (உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரம்) மாற்றித் திருத்தும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கொக்குக்கும் கௌரவத்துக்கும் நோய் வேறு வேறு. ஒன்றுக்கு யூனிகோடே மருந்து வைத்திருக்கிறது. மற்றதற்கு வைக்கவில்லை, வைக்கவும் முடியாது.

முதலில் கொக்கு. யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். (அட்டவணையில் இவை பதினாறடிமான எண்களாக இருக்கும், படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று சாதாரணத் தசம எண்ணாகவே தருகிறேன்.) க என்பது 2965. ஒற்றைக்கொம்பு 3014, இரட்டைக்கொம்பு 3015, துணைக்கால் 3006. இவை போக, கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறி முழுவதற்கும் 3018 என்று ஓர் எண், ஓகாரக் குறிக்கு 3019, ஔகாரக் குறிக்கு 3020. அதனால் கொ என்பதை 2965, 3018 என்று இரண்டு எண்ணாகவும் சேமிக்கலாம். 2965, 3014, 3006 என்று மூன்று எண்ணாகவும் சேமிக்கலாம். உங்கள் கோப்பில் ஒரு கொக்கு 6 எண், இன்னொரு கொக்கு 7 எண். இந்த எண்களைக் கோப்பில் எழுதும் வழக்கமான முறையான யூடிஎஃப்-8இல் தமிழ் எண் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு என்பதால் ஒன்று 18 பைட்டு, மற்றது 21 பைட்டு. கோப்புக்குள் சொல் தேடும் கிரெப் மாதிரியான கருவிகளும், பைத்தான் நிரல்மொழியில் இரண்டு சொற்களைச் சமமா என்று பார்க்கும் சாதாரண ஒப்பீடும் இந்த எண்களைத்தான் பார்க்கும், படத்தைப் பார்க்காது. சில தேடல் கருவிகள் தாமாகவே சமன்செய்து தேடும். ஒரே கோப்பு ஒரு இடத்தில் ஒழுங்காகவும் இன்னொரு இடத்தில் ஏடாகூடமாகவும் நடந்துகொள்வது அதனால்தான்.

இரண்டில் எது சரி என்றால், இரண்டுமே சரி. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. 3018 என்பது 3014, 3006 என்ற ஜோடிக்கு முழுச் சமம் என்று யூனிகோடு தரத்திலேயே எழுதியிருக்கிறது. அதேபோல 3019 என்பது 3015, 3006க்குச் சமம். எழுத்துருவை மாற்றியும் வித்தியாசம் தெரியாததற்குக் காரணமும் இதுதான். நீங்கள் 3018 என்று ஒற்றை எண்ணாகக் கொடுத்தாலும், திரையில் வரையும் நிரல் அதைக் கொம்பு, கால் என்று உடைத்து, கொம்பைத் தூக்கிக் ககரத்துக்கு இடப்பக்கம் வைத்துத்தான் வரைகிறது. எப்படிச் சேமித்தாலும் படம் ஒன்றுதான். சேமிப்பது எண்ணை, வடிவத்தை இல்லை என்பதற்கு இன்னொரு நல்ல சாட்சி 1978 எழுத்துச் சீர்திருத்தம். அதற்கு முந்தைய புத்தகங்களில் ணொ, றொ, னொ எல்லாம் வேறு உருவத்தில் இருக்கும். அந்தப் பழைய உருவம் வேண்டுமென்றால் அதற்கேற்ற எழுத்துரு போதும், எண்ணில் ஒரு மாற்றமும் தேவையில்லை.

பிறகு எதற்கு இரண்டு வழி என்று கேட்பீர்கள். யூனிகோடின் இந்திய மொழிப் பகுதி 1988ஆம் வருடத்து இஸ்கி என்ற இந்தியத் தரத்தைப் பின்பற்றி அமைந்தது. இஸ்கியில் எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே சட்டகம். ஒகரக் குறிக்கு எந்த எழுத்தானாலும் ஒற்றை எண். அந்தச் சட்டகத்தின் தழும்பு இன்றைக்கும் தமிழ் அட்டவணையில் தெரிகிறது. க 2965 என்றால் அடுத்து ங 2969. நடுவில் தமிழுக்கு இல்லாத மூன்று ககரங்களுக்கான காலி இடம். ஐகாரக் குறி 3016, ஒகரக் குறி 3018. நடுவில் 3017 காலி, தேவநாகரியில் அந்த இடத்தில் ஆங்கிலச் சொற்களுக்கான ஓர் ஒகரக் குறி இருக்கிறது. ஒற்றை எண் இப்படிப் பரம்பரையாக வந்தது. கொம்பும் காலும் வேறு எழுத்துகளுக்காக எப்படியும் தனித்தனியே வேண்டும், அவை இருக்கும்போது ஒருவர் இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டுவதை யாராலும் தடுக்க முடியாது. இரண்டையும் அனுமதித்துச் சமம் என்று அறிவித்துவிடுவதே மேல் என்று நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். வங்காளம், ஒடியா, மலையாளம் ஆகியவற்றிலும் இரண்டு பக்கமும் நிற்கிற குறிகளுக்கு இதே ஏற்பாடுதான்.

உங்கள் கோப்பில் எந்தப் பகுதி எப்படி இருக்கிறது என்று நிரல் எதுவும் எழுதாமலே ஓரளவு பார்க்கலாம். பெரும்பாலான எடிட்டர்களில் பேக்ஸ்பேஸ் ஒரு தட்டுக்கு ஓர் எண்ணை அழிக்கும். கொ-வுக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை தட்டுங்கள். க மட்டும் மிஞ்சினால் ஒற்றை எண்; கெ மிஞ்சினால் உடைத்து எழுதியது. இதைவிட நம்பகமான சோதனை, பட்டியலை எண் வரிசைப்படி அடுக்கிப் பார்ப்பது. பைத்தானின் சாதாரண வரிசைப்படுத்தல் போதும். மொழி விதிப்படி அடுக்குகிற கருவிகள் இதற்கு உதவாது. ஒற்றை எண்ணாக எழுதிய பட்டியல் கெண்டை, கேணி, கை, கொக்கு, கோழி என்று நாம் எதிர்பார்க்கிறபடி வரும். உடைத்து எழுதியது கெண்டை, கொக்கு, கேணி, கோழி, கை என்று வரும். கேணிக்கு முன்னால் கொக்கு வந்து நின்றால் அது கொம்பும் காலுமாகப் பிரிந்த கொக்கு. கலந்த கோப்பென்றால் கொக்கு இரண்டு இடத்திலும் இருக்கும்.

இது எங்கிருந்து வந்திருக்கும் என்பதை உங்கள் கோப்பைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. வழக்கமாகச் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் உண்டு. தமிழ்99 விசைப்பலகையில் ககரத்துக்குப் பின் ஒகர உயிரைத் தட்டினால் கொ வரும். மென்பொருள்தான் குறியைப் போடுகிறது, பெரும்பாலும் ஒற்றை எண்ணாக. குறிகளை நேரடியாகத் தட்டுகிற விசைப்பலகைகளில் கொம்பைத் தட்டி அப்புறம் காலைத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். யூனிகோடுக்கு முந்தைய 8 பிட் எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்பு இன்னொன்று. அவற்றில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில்தான் சேமிப்பு: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். மாற்றி நிரல் கொம்பைக் ககரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டு அத்தோடு நின்றுவிட்டால் உடைந்த வடிவம் தங்கிவிடும். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு கோப்புப் பெயர்களை உடைத்தே சேமித்தது. அதிலிருந்து லினக்ஸுக்கு நகலெடுத்தால் 'கொக்கு' என்ற பெயரில் பார்வைக்கு ஒன்றுபோல இரண்டு கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம்.

தீர்வு சிறியது. யூனிகோடில் சீராக்கம் என்றொரு செயல் இருக்கிறது; நார்மலைசேஷன் என்பார்கள். என்எஃப்சி என்ற வகை கொம்பையும் காலையும் சேர்த்து 3018 ஆக்கும். என்எஃப்டி என்ற வகை 3018ஐ உடைக்கும். பைத்தானில் யூனிகோடுடேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்ற பெயரில் இது தயாராக இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்டிலும் உண்டு. சேமிப்பதற்கு என்எஃப்சியை வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கோப்பையும் ஒருமுறை அதில் ஓடவிட்டால் எல்லாக் கொக்கும் ஒரே கொக்காகிவிடும், வேறு எதுவும் கெடாது. ஒரு எச்சரிக்கை: இந்தச் சமன்பாடு கொம்பு முதலில், கால் அடுத்து, நடுவில் ஒன்றும் இல்லை என்றால்தான் செல்லும். காலை முதலில் தட்டிக் கொம்பைப் பிறகு தட்டியிருந்தால், நடுவில் ஒரு இடைவெளி நுழைந்திருந்தால், இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத 8204 என்ற சுழிய அகலக் குறி நடுவில் வந்திருந்தால் சீராக்கம் தொடாது. அவற்றைத் தனியே தேடித் திருத்த வேண்டும்.

சரி, கௌரவத்துக்கு வருவோம். ஔகாரக் குறி 3020. அதுவும் உடையும்: ஒற்றைக்கொம்பு 3014, வலப்பக்கத்துக் கொம்புக்கால் 3031. இந்த 3031 ள மாதிரியே இருக்கும், ஆனால் ள இல்லை. ள என்ற எழுத்து 2995. 3020 என்பது 3014, 3031க்குச் சமம் என்று யூனிகோடு சொல்கிறது. 3014, 2995க்குச் சமம் என்று சொல்லவில்லை. உங்கள் நண்பர்களில் யாரோ கெ தட்டி, பிறகு ள தட்டி, 'கெளரவம்' என்று எழுதியிருக்கிறார். கண்ணுக்கு அது கௌரவம். கணினிக்கு அது கெ, ள, ர, வ, ம். தமிழ் இணையம் முழுக்க இப்படித்தான் இருக்கிறது: பெளர்ணமி, மெளனம், கெளதமன், ஒளவையார். தட்டச்சுப் பொறிப் பழக்கத்தில் கொம்பு, க, ள என்று அடித்தவர்களின் கை அப்படியே இதற்கும் வந்துவிட்டது. கொம்புக்காலையும் ளகரத்தையும் பல எழுத்துருக்கள் அச்சாக ஒரே உருவத்தில் வரைகின்றன, அதனால் தட்டியவருக்கே தப்பு தெரிவதில்லை. சொல்லில் எத்தனை எண் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதும் உதவாது. முறையாக உடைத்த கௌவும் 3 எண், கெள-வும் 3 எண். அம்புக்குறி விசையால் நகர்த்திப் பாருங்கள். பௌர்ணமியில் கர்சர் பௌ முழுவதையும் ஒரே தாவலில் கடக்கும். 'பெளர்ணமி' என்றால் பெ-வுக்கும் ள-வுக்கும் நடுவில் ஒருமுறை நிற்கும்.

இதையும் யூனிகோடே சமம் என்று அறிவித்துவிட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். அறிவித்தால் 'தெளிவு' காலி. அதில் தெ-வுக்குப் பின் வருவது அசல் ளகரம். நெளிவு, வெள்ளம், கெளுத்தி மீன் எல்லாம் அப்படியே. ஒளியும் ஒளியாக நிற்காது. ள ஒரு முழு எழுத்து, கொம்புக்கால் ஒரு குறியின் பாதி. உருவம் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டையும் ஒன்றாக்க முடியாது. தவிரவும், ஒருமுறை வெளியிட்ட சமன்பாட்டை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் கொள்கை. மயங்கக்கூடிய உருவங்களின் பட்டியல் ஒன்றைப் பாதுகாப்புக்காகத் தனியாக வைத்திருக்கிறார்கள், போலி இணைய முகவரிகளைக் கண்டுபிடிக்க உதவுவதற்காக. அதில் கொம்புக்காலும் ளகரமும் ஜோடியாக இருக்கின்றன. ஆனால் அது எச்சரிக்கைப் பட்டியல், திருத்தும் பட்டியல் இல்லை. மலையாளத்தில் இதைவிட வேடிக்கை: இன்றைய மலையாளத்தில் ஔகாரத்துக்கு இடப்பக்கக் கொம்பையே விட்டுவிட்டு வலப்பக்கத்துப் பாதியை மட்டும்தான் எழுதுகிறார்கள், பழைய முழுக் குறியும் புழங்குகிறது. ஒரே ஒலி, ஒரே சொல், யூனிகோடுக்கு இரண்டும் வேறு.

அப்படியானால் நாமே மாற்றிக்கொள்ளலாம், 'ெள' வருமிடத்திலெல்லாம் 'ௌ' போட்டுவிடலாம் என்று தோன்றும். மொத்தமாகச் செய்தால் தெளிவு 'தௌ' என்று தொடங்கி, அனாதையாக ஓர் இகரக் குறியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் யோசித்தவர்கள் ஒரு விதி சொல்வார்கள்: ள-வுக்குப் பின் ஏதாவது குறியோ புள்ளியோ இருந்தால் அது அசல் ளகரம், விட்டுவிடு, ஒன்றும் இல்லாவிட்டால் ஔகாரம் என்று மாற்று. எழுத்து வழக்குக்கு இந்த விதி கிட்டத்தட்டச் சரியாக வரும், நானே கட்டுரைத் தொகுப்புகளில் பயன்படுத்துகிறேன். ஆனால் உங்களுடையது பழமொழித் தொகுப்பு. பேச்சு வழக்கில் விளக்கு 'வெளக்கு' ஆகும், கிளம்பு 'கெளம்பு' ஆகும், விளையாட்டு 'வெளயாட்டு' ஆகும். மூன்றிலும் கொம்பேறிய எழுத்துக்குப் பின் குறியில்லாத அசல் ளகரம். விதியை ஓடவிட்டால் 'வௌக்கு', 'கௌம்பு' என்று யாருமே சொல்லாத சொற்கள் உங்கள் தொகுப்பில் முளைக்கும். அதனால் உங்களுக்கு விதி வேண்டாம், சொற்பட்டியல் வேண்டும். தமிழில் ஔகாரம் வருகிற சொற்கள் கொஞ்சம்தான்: கௌவு, வௌவால், பௌவம் போன்ற நம் சொற்கள், கௌரவம், சௌகரியம், மௌனம், பௌர்ணமி, யௌவனம் போன்ற வடமொழிச் சொற்கள், மௌலவி மாதிரி அரபு வழி வந்த சில, ஊர்ப்பெயர், ஆள்பெயர் சில. 'ெள', 'ஒள' வருகிற சொற்களை மட்டும் கோப்பிலிருந்து பிரித்தெடுத்து, திரும்பத் திரும்ப வருவதை நீக்கிவிட்டு ஒருமுறை கண்ணால் பாருங்கள். பழமொழிக் கோப்பில் அந்தப் பட்டியல் பெரிதாக இருக்காது. ஒரு மாலை உட்கார்ந்தால் முடித்துவிடலாம்.

கண்ணால் பார்த்தாலும் தீர்மானிக்க முடியாத இடங்களும் உண்டு, முக்கியமாக பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்த வரிகளில். பல பிடிஎஃப்கள் திரை வரிசையிலேயே எழுத்தைத் தரும். 'வந்தபொழுது' என்பது 'வந்தெபாழுது' என்று வந்து சேரும்; பகரத்துக்கு உரிய கொம்பு முன்னால் நிற்கிற தகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். சொல்லின் தொடக்கத்தில் என்றால் கொம்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிவட்டம் தோன்றி மாட்டிக்கொடுத்துவிடும். நடுவில் என்றால் அது முறையான எழுத்து வரிசை, எந்த நிரலுக்கும் குற்றம் தெரியாது. மொத்தப் பகுதியும் அப்படி என்று தெரிந்தால் எல்லாக் கொம்பையும் ஓர் எழுத்து பின்னால் தள்ளிவிடலாம். பாதிப் பகுதி சரி, பாதி தப்பு என்று கலந்திருந்தால் சொல்லுக்குச் சொல் அகராதியோடு ஒப்பிடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது. துணைக்காலும் ரகரமும் மாறிப்போனதும் இதே வகைதான், ஓசிஆர் செய்த (படத்திலிருந்து கணினியே எழுத்தைப் படித்தெடுத்த) வரிகளில் அதிகம்.

உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று யாராவது கீழே எழுதுவார்கள் என்று தெரியும். டேஸ்16 என்ற குறியீடு அப்படித்தான் அமைந்தது, தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து அதையும் தரமாக அறிவித்தது. அதில் கொ ஒரே எண். ஆனால் கௌ-வுக்குப் பதில் கெ, ள என்று தட்டுகிறவரை அதுவும் தடுக்காது. உங்கள் கோப்பு போய்ச்சேரப்போகும் போன்களும் உலாவிகளும் யூனிகோடில்தான் இருக்கின்றன.

கடைசியாகத் தேடல். தொகுப்பைச் சுத்தம் செய்துவிட்டு இணையத்தில் போட்டாலும், தேட வருகிறவர் 'கெளரவம்' என்றுதான் தட்டப்போகிறார். அவரைத் திருத்த முடியாது, திருத்தவும் வேண்டாம். சேமிப்பில் 'ெள'-வை 'ௌ' ஆக்குவதுதான் ஆபத்து. தேடலுக்கு மட்டும் எதிர்த்திசையில் போனால் ஆபத்தே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் காட்டுவதற்கு ஒரு பிரதி, தேடுவதற்கு ஒரு பிரதி என இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். தேடும் பிரதியை என்எஃப்டியில் உடைத்துவிட்டு, 3031 வருமிடத்திலெல்லாம் 2995 போடுங்கள். ஔ என்ற உயிரெழுத்தும் உடையும்போது ஒ, 3031 என்றுதான் உடையும், ஆகவே ஔவையாரும் ஒளவையாரும் இதிலேயே சேர்ந்துவிடுவார்கள். தேடுபவர் தட்டிய சொல்லையும் அதே வழியில் உடைத்து மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். தெளிவு தெளிவாகவே இருக்கும், வெளக்கும் கெடாது, கொக்கு எப்படித் தட்டினாலும் கிடைக்கும். பைத்தானில் இது இரண்டே வரி.